நைரோபியில் ஒரு ஸ்விட்ச்

கென்யாவில் 2000ஆம் ஆண்டு நிலவரம் இது. நைரோபியில் ஓர் அலுவலகத்திலிருந்து எதிர்வரிசைக் கட்டடத்துக்கு மின்னஞ்சல் போக வேண்டும். இரண்டு அலுவலகங்களும் வெவ்வேறு இணையச் சேவை நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள். அந்த நிறுவனங்களுக்கிடையே நேரடி இணைப்பு கிடையாது. ஆகவே மின்னஞ்சல் செயற்கைக்கோளுக்கு ஏறி, வெளிநாட்டில் இறங்கி, அங்கே கைமாறி, மறுபடி செயற்கைக்கோளுக்கு ஏறி நைரோபிக்குத் திரும்பும். அந்தச் செயற்கைக்கோள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரண்டு முறை ஏறி இறங்க, ஒளியின் வேகத்தில் போனாலும், கிட்டத்தட்ட அரை விநாடி ஆகும். அந்த அரை விநாடியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். போனதற்கும் வந்ததற்கும் டாலரில் பில் கட்ட வேண்டியிருந்ததுதான் பெரிய வயிற்றெரிச்சல்.

அந்த ஆண்டு நவம்பரில் உள்ளூர் இணைய நிறுவனங்களின் சங்கமான டெஸ்பாக் ஒரு ஸ்விட்சை வைத்து, உறுப்பினர்களின் கம்பிகளை அதில் செருகியது. கே.ஐ.எக்ஸ்.பி. எனப்படும் கென்ய இணையப் பரிமாற்ற மையம் அப்படித்தான் பிறந்தது. பிறந்த சில வாரங்களிலேயே அதற்கு மூடுவிழாவும் நடந்தது. வெளிநாட்டுத் தொடர்பில் ஏகபோகம் வைத்திருந்த டெல்காம் கென்யா, தன் உரிமை மீறப்படுவதாகப் புகார் கொடுக்க, தொலைத்தொடர்பு ஆணையம் மையத்தை மூட உத்தரவிட்டது. உள்ளூரிலேயே கைமாறுகிற சரக்கு எப்படி வெளிநாட்டு ஏகபோகத்தை மீறும் என்று சங்கம் வாதாடியது. 2002 பிப்ரவரியில் மையம் மறுபடியும் இயங்கத் தொடங்கியது.

கூகுள், நெட்ஃபிளிக்ஸ், மெட்டா, அமேசான் போன்ற நிறுவனங்கள் ஆப்பிரிக்காவில் சர்வர் வைக்கும்போதெல்லாம் முதலீட்டுத் தொகையும் இளைஞர்களின் எண்ணிக்கையும் தலைப்புச் செய்தியாகின்றன. ஆனால் மக்கள்தொகை இருந்த இடத்துக்கெல்லாம் இந்தச் சர்வர்கள் வந்துவிடவில்லை. போட்டி நிறுவனங்கள் ஒரே அறையில் கம்பி செருக ஒப்புக்கொண்ட ஊர்களுக்குத்தான் முதலில் வந்தன.

இந்தச் சர்வர்கள் செய்கிற வேலை என்ன? கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். 10,000 கிலோமீட்டர் கேபிளில் போய்வர 100 மில்லி விநாடி ஆகும். எந்தப் பொறியாளராலும் இதைக் குறைக்க முடியாது. ஒரு வலைப்பக்கம் திறப்பதற்கு ஒருமுறை போய்வந்தால் போதாது. முகவரியைக் கண்டுபிடிக்க ஒரு நடை, பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்த இன்னொரு நடை, பிறகு எழுத்து, படம், நிரல் என்று அடுத்தடுத்த நடைகள். எல்லாம் சேர்ந்து விநாடிக் கணக்கில் ஆகிவிடும். தூரத்தைக் குறைக்க வழியில்லை என்பதால், பொருளின் நகலைப் பயனாளருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கிறார்கள். உள்ளடக்க விநியோக வலையமைப்பு, சுருக்கமாக சி.டி.என்., என்பது இதுதான். எம்.ஐ.டி. கணிதப் பேராசிரியர் டாம் லெய்ட்டனும் அவருடைய மாணவர் டேனியல் லெவினும் 1998இல் தொடங்கிய அகமாய் நிறுவனம் இதைப் பெரிய வணிகமாக்கியது. 2008இல் அமேசான், கிளவுட்ஃபிரண்ட் என்ற பெயரில் இதையே வாடகைக்கு விட்டது. அதன் பிறகு பெரிய ஒப்பந்தம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. கிரெடிட் கார்டு வைத்திருக்கும் யாரும் உலகம் முழுவதும் நகல் வைக்கலாம் என்றானது.

நெட்ஃபிளிக்ஸ் வேறு வழியில் போனது. 2012இல் தொடங்கிய ஓப்பன் கனெக்ட் திட்டத்தில், படங்கள் நிரப்பிய சர்வர் பெட்டிகளை இணைய நிறுவனங்களுக்கு இலவசமாகவே கொடுக்கிறது. எந்தப் படத்துக்கு எங்கே கிராக்கி இருக்கும் என்று கணித்து, ஊர் உறங்கும் நேரத்தில் பெட்டியை நிரப்பிவிடும். தீபாவளிக்கு யாரும் சிவகாசிக்கு ஓடுவதில்லை, சரக்கு முன்பே ஊர்க்கடையில் இறங்கிவிடுகிறது என்பது போல. நேரலை விளையாட்டில் இப்படி முன்கூட்டி நிரப்ப வழியில்லை. 2023 உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடி பேர் பார்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மூல சர்வரிலிருந்து அனுப்பியிருந்தால் முதல் ஓவரிலேயே எல்லாம் படுத்திருக்கும். இந்தியா முழுக்கப் பரவியிருந்த சி.டி.என். சர்வர்கள்தான் ஒரே ஓடையைக் கோடிக்கணக்கான கிளைகளாகப் பிரித்துக் கொடுத்தன.

கென்யாவுக்கு 2009இல் சீகாம், டீம்ஸ் என்ற கடலடி கேபிள்கள் மொம்பாசாவில் வந்து சேர்ந்தன. செயற்கைக்கோளின் பிடி தளர்ந்து, விலை இறங்கி, காணொளி பார்ப்பவர்கள் பெருகினார்கள். அடுத்து, கே.ஐ.எக்ஸ்.பி. மூலம் எல்லாரும் எடுத்துக்கொள்ளும்படி கூகுளின் நகல் சர்வரும் வந்தது. இன்டர்நெட் சொசைட்டி 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, மையத்தின் வழியாகப் போன உள்ளூர்த் தரவுக்குத் தாமதம் 200–600 மில்லி விநாடியிலிருந்து 2–10 மில்லி விநாடிக்குக் குறைந்தது. உச்ச நேரப் போக்குவரத்து அப்போது விநாடிக்கு 1 ஜிகாபிட் அளவில் இருந்தது. அதே அமைப்பு 2020இல் மறுபடி பார்த்தபோது கென்யாவில் அது 19 ஜிகாபிட். நைஜீரியாவின் ஐ.எக்ஸ்.பி.என். மையத்தில் வெறும் 300 மெகாபிட்டிலிருந்து 125 ஜிகாபிட். மொத்த இணையப் பயன்பாட்டில் நாட்டுக்குள்ளேயே கிடைக்கும் பங்கு இரண்டு நாடுகளிலும் சுமார் 30 விழுக்காட்டிலிருந்து 70 விழுக்காடாக உயர்ந்திருந்தது. கேபிள் கட்டணத்தில் ஆண்டுக்குக் கென்யா 60 லட்சம் டாலரும் நைஜீரியா 4 கோடி டாலரும் மிச்சம் பிடித்தன.

பங்கு ஒன்றுபோல இருக்க, ஜிகாபிட் கணக்கில் மட்டும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? நைஜீரியாவின் மக்கள்தொகை பெரியது என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. பெரிய இணைய நிறுவனம் ஒன்று நெட்ஃபிளிக்ஸ் அல்லது கூகுள் பெட்டியைத் தன் கட்டடத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டால், அதிலிருந்து போகும் தரவு பொது மையத்தின் கணக்கில் ஏறாது. மையத்தின் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒரு நாட்டை எடைபோடுவது பாதிக் கணக்குதான். இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பெட்டி பெரிய நிறுவனத்தின் வீட்டுக்குள் போய்விட்டால், சிறிய நிறுவனங்கள் அதே படத்துக்குப் பெரியவரிடம் காசு கொடுத்து வாங்க வேண்டி வரலாம். பொது மையத்தில் வைத்த பெட்டி என்றால் எல்லாருக்கும் ஒரே தூரம்.

இன்னொரு தடை விலைப்பட்டியலில் ஒளிந்திருக்கிறது. செய்தி வெளியீடுகள் இதைக் கண்டுகொள்வதே இல்லை. கிளவுட்ஃபிரண்டில் முதல் அடுக்குக்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒரு ஜிபிக்கு 8.5 சென்ட், கென்யாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் 11 சென்ட். செலவைக் குறைக்க விரும்பும் வலைத்தள உரிமையாளர் ‘பிரைஸ் கிளாஸ் 100’ என்ற தேர்வை எடுக்கலாம். அதில் வட அமெரிக்காவும் ஐரோப்பாவும் இஸ்ரேலும் மட்டும்தான் உண்டு. விளைவைப் பாருங்கள். நைரோபியில் சர்வர் விளக்கெரிந்துகொண்டு நிற்கிறது, நைரோபிவாசி கேட்கும் பக்கமோ ஐரோப்பாவிலிருந்து வருகிறது. வரைபடத்தில் ஒரு புள்ளி விழுந்துவிட்டதாலேயே சேவை வந்துவிட்டது என்று நம்பக்கூடாது.

இதற்கெல்லாம் ஒரு சோதனை 2024 மார்ச் 14 அன்று வந்தது. ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் அருகே டபிள்யூ.ஏ.சி.எஸ்., மெயின்ஒன், ஏ.சி.இ., சாட்-3 என்ற நான்கு கடலடி கேபிள்களும் ஒரே நாளில் பழுதாகின. மேற்கு ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் இணையம் தடுமாறியது, நைஜீரிய வங்கிச் சேவைகளும் பாதிக்கப்பட்டன. கூகுளின் எக்கியானோ கேபிளுக்கு அடி படாததால் லாகோஸ் முழுக்க இருளவில்லை. கேபிள்களைச் சீராக்கப் பல வாரங்கள் பிடித்தன. நகல் சர்வர் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பது அன்று பளிச்சென்று தெரிந்தது. ஏற்கெனவே பெட்டியில் இருக்கும் காணொளியை அது கொடுக்கும். உங்கள் கணக்கில் எவ்வளவு பணம் இருக்கிறது என்ற கேள்விக்கு நகலில் பதில் கிடையாது, மூல சர்வரிடம் போயாக வேண்டும். மூல சர்வர் ஐரோப்பாவில் இருந்தால் வழி அறுந்துவிட்டது.

மூலத்தை ஏன் உள்ளூரில் வைப்பதில்லை? ருவாண்டாவைப் பற்றி இன்டர்நெட் சொசைட்டி 2015இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கணக்கு வருகிறது. வலைத்தளம் நடத்தும் ஒருவர் அதை வெளிநாட்டு சர்வரில் வைப்பதன் மூலம் ஆண்டுக்கு 111 டாலர் மிச்சம் பிடித்தார். அந்தத் தளத்தை உள்ளூர் மக்கள் பார்ப்பதற்காக இணைய நிறுவனங்கள் வெளிநாட்டு இணைப்புக்குச் செலவிட்டதோ ஆண்டுக்கு 13,500 டாலர். மிச்சம் பிடித்தவர் ஒருவர், செலவு செய்தவர் இன்னொருவர். அதனால் அந்த மனிதருக்குத் தளத்தை ஊருக்குக் கொண்டுவர எந்த அவசரமும் இல்லை. நைஜீரியாவில் இந்தக் கணக்கை மாற்றியது நாணயச் சரிவு. 2023 ஜூனுக்குப் பிறகு நைரா வேகமாக மதிப்பிழந்ததில், டாலரில் வந்த கிளவுட் பில் பல மடங்கானது. நைராவில் பில் போடும் உள்ளூர் கிளவுட் நிறுவனங்கள் பக்கம் புதிய நிறுவனங்கள் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தன. கொள்கை அறிக்கைகளால் நடக்காத காரியம் பில்லால் நடந்தது என்று சொன்னால் மிகையில்லை.

ஸ்டார்லிங்க் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2023 ஜூலையில் கென்யாவில் சேவை தொடங்கியபோது, தரவு தரையிறங்கி இணையத்தில் சேரும் இடம் அந்த நாட்டில் இல்லை. 2025 ஜனவரியில் நைரோபியிலேயே அந்த இணைப்பு முனையம் வந்த பிறகுதான் தாமதம் சட்டென்று இறங்கியது. விண்ணிலிருந்து வந்தாலும் கடைசியில் உள்ளூர் மையத்தில்தான் கம்பி செருக வேண்டியிருக்கிறது.

இப்போதைய இடைவெளி, ஓரிரு பெருநகரங்களுக்கும் மற்ற ஊர்களுக்கும் இடையில். லாகோஸில் குவிந்திருக்கும் நகல்கள் வடக்கே கானோ நகரத்துக்குச் சேர நாட்டின் குறுக்கே நெடுந்தூரம் கேபிள் வேண்டும். ஐ.எக்ஸ்.பி.என். அபுஜா, போர்ட் ஹார்கோர்ட், கானோ ஆகிய ஊர்களிலும் மையம் திறந்திருக்கிறது, ஆனால் மையங்களை இணைக்கும் கேபிளைப் புதைக்கப் பல மாநிலங்கள் வழித்தடக் கட்டணம் கேட்கின்றன. மீட்டருக்கு 145 நைரா என்பது ஒப்புக்கொள்ளப்பட்ட உச்சவரம்பு. 2020இல் எகிட்டி மாநிலம் 4,500 நைராவிலிருந்து அந்த அளவுக்கு இறங்கி வந்தது. கடுனா முழுவதையும் தள்ளுபடி செய்தது. உச்சவரம்பைக் கண்டுகொள்ளாமல் பல மடங்கு கேட்ட மாநிலங்களும் இருந்தன.