வகுப்பு நிறையுமுன் பெயர் அழைக்கலாமா?



ஒடுகத்தூரில் ஆசிரியப் பணி ஏற்ற புதிதில், பிள்ளைகள் வந்து அமருமுன்பே ஒருநாள் வருகைப் பதிவேட்டைப் படித்து முடித்துவிட்டேன். வாயிலில் நின்ற பலரும் 'வராதவர்' ஆயினர். பிழை என்னுடையதே.

அந்நிகழ்ச்சியை அண்மையில் என் பேத்தி நினைவூட்டினாள். அவள் அமைத்த வினாவிடை வலைப்பக்கத்தில் பொத்தானை அழுத்தினால் விடை தோன்றவில்லை. "எனக்குக் கணினி வராது, தாத்தா" என்று கண்கலங்கினாள். இருவரும் அமர்ந்து ஆராய்ந்தோம்.

உலாவி பக்கத்தை மேலிருந்து கீழாக வாசித்து அமைக்கிறது. 1995-இல் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதிய நிரல் இடையில் எதிர்ப்பட்டால், பொதுவாக வாசிப்பை நிறுத்தி அதனை இயக்கும். பேத்தியின் நிரல் உச்சியில் இருந்தது. அது தேடிய பொத்தானோ அடியில். தேடிய வேளையில் பொத்தான் அமைக்கப்படவேயில்லை!

இதற்கு வழிகள் உள. நிரலைப் பக்கத்தின் இறுதியில் வைக்கலாம். தனிக்கோப்பிலுள்ள நிரலாயின் 'டிஃபர்' என்னும் குறிப்பைச் சேர்க்கலாம். பக்கத்தை வாசித்து முடித்த பின்னரே அது இயங்கும். அன்றி, உலாவி எழுப்பும் அறிவிப்புக்குக் காத்திருக்கலாம். பக்கத்தின் உறுப்புகள் அமைந்ததும் எழுவது 'டாம்கன்டென்ட்லோடட்'. படங்கள் முதலியனவும் வந்து சேர்ந்தபின் எழுவது 'லோட்'. படத்தின் அளவை அறிய வேண்டுமாயின் பின்னதற்குக் காத்திருத்தல் தகும். பொத்தானுக்கு முன்னதே போதும். வீணே காத்திருந்தால் படிப்பவர் சலிப்படைவர்.

பேத்தி நிரலை இறுதிக்கு மாற்றினாள். பொத்தான் விடை கூறிற்று. அவள் அறிவில் குறையில்லை, வரிசையில்தான் குறை இருந்தது. இதனை நீங்களும் நினைவிற் கொள்வீர்களாக!