மானிட்டரின் முதுகைப் பார்த்தீர்களா?



கம்ப்யூட்டருக்குக் கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போனால் எல்லாரும் முதலில் கேட்பது, “எத்தனை ஜிபி?” என்பதுதான். அதற்கு முன்னால் வீட்டு மானிட்டரைத் திருப்பி அதன் முதுகைப் பாருங்கள். கார்டிலிருந்து படம் வெளியே வரும் வாசலும், மானிட்டருக்குள் நுழையும் வாசலும் பொருந்தாவிட்டால், எத்தனை ஜிபி இருந்தாலும் திரை இருட்டுதான்!

வாசல்கள் நான்கு வகை:

1. விஜிஏ – 1987-ல் ஐபிஎம் கொண்டு வந்தது. பெரும்பாலும் நீல நிறம். மூன்று வரிசையில் 15 ஓட்டைகள்.

2. டிவிஐ – 1999-ல் வந்தது. அகலமாக, பெரும்பாலும் வெள்ளையாக இருக்கும்.

3. ஹெச்டிஎம்ஐ – 2002-ல் வந்தது. படத்தோடு சத்தமும் ஒரே கேபிளில் போகும். இப்போதைய டிவிகளில் இருப்பது இதுதான்.

4. டிஸ்ப்ளே போர்ட் – 2006-ல் வந்தது. ஒரு மூலையை மட்டும் வெட்டிவிட்டது போல இருக்கும்.

இதில் விஜிஏ மட்டும் முழுக்க அனலாக். அது வாய்க்கால் தண்ணி மாதிரி. வழியில் கசிந்தால் கடைமடைக்குக் குறைச்சலாத்தான் வரும். கேபிள் நீளமானால் எழுத்து மங்குவது அதனால்தான். டிஜிட்டல் என்பது நெல் மூட்டையை எண்ணி அனுப்புவது மாதிரி. நூறு ஏற்றினால் நூறு இறங்கும். கேபிள் மோசமானால் மங்காது, படமே விட்டு விட்டுப் போகும்.

எங்க வீட்டில் இருப்பது பழைய விஜிஏ மானிட்டர். அண்ணன் காலேஜில் கட்டட வரைபடம் போட கார்டு வேணும் என்றதும், குறுவை நெல் வித்த பணத்தில் வாங்கித் தர அப்பா சம்மதிச்சாங்க. கடையில், “புது மானிட்டரும் வாங்கியே ஆகணும்” என்று சொல்லிவிட்டார்கள். அப்பா முகம் வாடிப்போச்சு. கடைக்காரர் சொன்னதிலும் பாதி உண்மை உண்டு. விஜிஏவை 2015-க்குள் கைவிடப் போவதாக இன்டெல், ஏஎம்டி கம்பெனிகள் 2010-லேயே அறிவித்துவிட்டன. 2016-ல் வந்த என்விடியா ஜிடிஎக்ஸ் 1080 கார்டில் டிவிஐ இருந்தும் அதில் அனலாக் கிடையாது.

ஆனாலும் வழி இருக்கு. ஹெச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. உள்ளே சிப் இருப்பதால் டிஜிட்டலை அனலாக் ஆக்கிவிடும். எங்க மானிட்டர் அதில்தான் ஓடுது. புது மானிட்டர் செலவு அடுத்த போகத்துக்குத் தள்ளிப்போச்சு.

வாங்கும்போது கவனிக்க:

* கன்வெர்ட்டருக்குத் திசை உண்டு. ‘விஜிஏ – ஹெச்டிஎம்ஐ’ வேறு, ‘ஹெச்டிஎம்ஐ – விஜிஏ’ வேறு. மாற்றி வாங்கினால் பணம் வீண்.

* பழைய கார்டில் டிவிஐ இருந்தால் உற்றுப் பாருங்கள். தட்டையான பிளவைச் சுற்றி நான்கு சிறு ஓட்டைகள் இருந்தால் அதில் அனலாக்கும் வரும். சிப் இல்லாத சாதாரண அடாப்டரே போதும். அவை இல்லையென்றால் போதாது.

* மானிட்டரில் விஜிஏ, ஹெச்டிஎம்ஐ இரண்டும் இருந்தால் ஹெச்டிஎம்ஐயிலேயே இணையுங்கள்.

* 4கே மானிட்டரை 60 ஹெர்ட்ஸில் ஓட்ட ஹெச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளே போர்ட் 1.2 வேண்டும். நம் சாதாரண 1080 திரைக்கு அவ்வளவு தேவையில்லை.

* கார்டு மாட்டியபின் கேபிளை மதர்போர்டில் செருகாதீர்கள், கார்டில் செருகுங்கள். இல்லையென்றால் கார்டு வாங்கியும் பலன் இல்லை!

கடைக்குக் கிளம்பும் முன் மானிட்டரின் பின்பக்கத்தை செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள் நண்பர்களே. அதைக் காட்டிக் கேட்டால் தேவையில்லாததை யாரும் நம் தலையில் கட்ட முடியாது.

– பதினோராம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு