மறுதுடிப்பு – 11: அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள்

விடியற்காலையில் போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறுகிறவர்களில் அறுபதைத் தாண்டியவர்களும் உண்டு. முந்தலைக் கடந்து, வளைவு வளைவாகச் சுற்றி போடிமெட்டுக்கு ஏறி, கேரளப் பக்கத்துத் தோட்டங்களில் நாள் முழுக்கக் குனிந்து, செடியின் தூரில் காய் எடுக்கிற உடம்பு அது. அப்படி ஒருவருக்கு இதயத் தசை தளர்ந்து, பத்தடி நடந்தாலே மூச்சு வாங்கி, மருந்துகளும் கைவிட்டுவிட்டால், “இந்த வயசுல எதுக்கு மாத்து இதயம்?” என்ற கேள்விதான் முதலில் வரும்.

நெடுநாள் அரசு விதியும் அதையேதான் சொன்னது. மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்பைப் பெற, 65 வயதைக் கடந்தவர்கள் பதிவு செய்ய முடியாது. 2023 பிப்ரவரியில் மத்திய சுகாதார அமைச்சகம் அந்த வரம்பை நீக்கியது. நீக்கியது நியாயம் என்றே நினைக்கிறேன். 1968 ஜனவரி 2-ல் கேப்டவுனில் பிலிப் பிளைபெர்க் என்பவருக்கு மாற்று இதயம் பொருத்தியபோது அவருக்கு 58 வயது. இன்றைய மருந்துகள் பலவும் இல்லாத காலத்தில் 19 மாதம் வாழ்ந்தார்.

எழுபதை எட்டியவர்களுக்குப் பலன் இளையவர்களைவிடச் சற்றுக் குறைவுதான். ஆனாலும் ஒன்று வியப்பாக இருக்கிறது. வயதோடு எதிர்ப்புச் சக்தியும் தளர்வதால், புது இதயத்தை உடம்பு நிராகரிப்பது முதியவர்களிடம் குறைவு. அதே தளர்ச்சிதான் கிருமித்தொற்றுக்கும் புற்றுநோய்க்கும் வழிவிடுகிறது. நிராகரிப்பைத் தடுக்கும் மாத்திரைகள் சிறுநீரகத்தையும் வாட்டும். அதனால் பிறந்த வருடத்தைவிட, சிறுநீரகம், நுரையீரல், சர்க்கரை, நடக்கும் தெம்பு ஆகியவற்றைத்தான் மருத்துவர்கள் முதலில் பார்க்க வேண்டும்.

மலைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று. அறுவையின்போது இதயத்துக்குப் போகும் நரம்புகள் அறுபடுகின்றன. வேகத்தை அடக்கிவைக்கும் நரம்பு இல்லாததால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு 90, 100 என்று ஓடும். மேட்டில் கால் வைத்ததும் நம் இதயம் உடனே வேகமெடுக்கும். மாற்று இதயத்துக்கு அந்தச் சேதி நரம்பு வழியாக வராது. அட்ரினலின் ரத்தத்தில் கலந்து வந்து சேரும்வரை சில நிமிடம் அது பழைய வேகத்திலேயே துடிக்கும். எடுத்த எடுப்பில் சரிவில் ஏறினால் தலை சுற்றும். சமதளத்தில் மெல்ல நடந்து, உடம்பைச் சூடேற்றிக்கொண்டுதான் ஏற வேண்டும். உட்கார்ந்த பிறகும் படபடப்பு அடங்க நேரமாகும். இதய ரத்தக்குழாய் அடைத்தாலும் பலருக்கு நெஞ்சுவலியே தெரியாது; அதனால்தான் வலி இல்லாதவரையும் ஆஞ்சியோகிராமுக்கு அழைக்கிறார்கள்.

மாற்று இதயத்தோடு பழைய தோட்ட வேலைக்குத் திரும்புவதும் எளிதல்ல. ஈர மண்ணிலும் மக்கிய இலையிலும் இருக்கும் பூஞ்சை, எதிர்ப்புச் சக்தியை மருந்தால் குறைத்துக்கொண்டவருக்கு நுரையீரல் நோயாகலாம். பம்ப்ளிமாஸ் பழம்கூட ஆகாது. மாத்திரையின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும்.

பிறகு தூரம். அகலப்பாதை வேலைக்காக 2010 முடிவில் நின்றுபோன ரயில், 2023 ஜூனில்தான் போடிக்குத் திரும்பியது. சென்னைக்கு வாரம் மூன்று நாள். ஆனால் அறுவைக்குப் பிந்திய முதல் மாதத்தில் இதயத் தசையைத் துளி கிள்ளி எடுத்துப் பார்க்கும் சோதனையே வாரம் ஒருமுறை வரும். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அறை எடுத்துத்தான் தங்க வேண்டும். கூட ஒருவர் இருந்தாக வேண்டும். அது பெரும்பாலும் மனைவியோ மகளோதான். அத்தனை மாதமும் அவளுடைய காய் எடுக்கிற கூலியும் வீட்டுக்கு வராது.