லிங்க்கைப் பகிர்ந்தாலே அபராதம்... ஆனாலும் படிக்கிறார்கள் ரஷ்யர்கள்!

ரஷ்யாவில் ‘மெடூசா’ செய்தியின் லிங்க்கை சோஷியல் மீடியாவில் பகிர்ந்தாலே அபராதம் கட்ட நேரலாம். பணம் கொடுத்து உதவினால் சிறைகூட உண்டு!

மாஸ்கோவின் பிரபல ‘லென்டா’ செய்தித் தளத்தின் ஆசிரியர் கலினா திம்சென்கோ 2014-ல் நீக்கப்பட்டார். கூடவே வெளியேறிய நிருபர்களுடன், பக்கத்து நாடான லாட்வியாவில் அதே ஆண்டு அவர் தொடங்கியதுதான் மெடூசா.

2021-ல் ‘வெளிநாட்டு ஏஜென்ட்’ என்று முத்திரை குத்தியது ரஷ்ய அரசு, விளம்பரதாரர்கள் விலகினர். வாசகர்களின் நன்கொடைதான் கைகொடுத்தது. உக்ரைன் போர் தொடங்கியதும், 2022 மார்ச்சில் தளமே முடக்கப்பட்டது. 2023-ல் ‘விரும்பத்தகாத அமைப்பு’ என அறிவிக்கப்பட, நன்கொடையும் குற்றமானது.

இப்போது செலவுக்குக் கைகொடுப்பவர்கள் வெளிநாட்டு வாசகர்கள். ரஷ்யாவுக்குள் இருப்பவர்களோ வி.பி.என், மொபைல் ஆப் என்று வழி கண்டுபிடித்துப் படிக்கிறார்கள். நாம் யோசிக்காமல் ஃபார்வர்ட் செய்கிறோம். அவர்கள் படித்ததைப் பகிரவே பயப்பட வேண்டியிருக்கிறது!