வெற்றிக் களிப்பும் ஷுக்ருடைய ஸுஜூதும்



2014-ஆம் ஆண்டு செப்டம்பர் 29 அன்று அமெரிக்காவின் கன்ஸாஸ் சிட்டி நகரிலுள்ள ஆரோஹெட் விளையாட்டரங்கில் ஒரு முஸ்லிம் வீரர் ஸுஜூதில் விழுந்தார். அதற்காக அவரது அணிக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. விளையாட்டுச் செய்திக்கும் ஜும்ஆ மேடைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கருதலாம். ஆனால் நம் பிள்ளைகள் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து விளையாட்டை மட்டுமா பார்க்கின்றனர்? வென்றவன் எப்படி நடக்கிறான், தோற்றவனை எப்படிப் பார்க்கிறான் என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்கின்றனர். ஆகவே இதனைச் சற்று விரிவாக ஆராய்வது அவசியமாகிறது.

அமெரிக்கர்கள் கால்பந்து என்று அழைப்பது நாம் அறிந்த கால்பந்து அன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி, எதிரணியினரின் மோதல்களைத் தாண்டி, மைதானத்தின் கடைசியிலுள்ள எல்லைப் பகுதிக்குள் கொண்டு சேர்க்க வேண்டும். அதற்கு ‘டச் டவுன்’ என்று பெயர். ஆறு புள்ளிகள் கிடைக்கும். அன்றைய ஆட்டத்தில் ஹுஸைன் அப்துல்லாஹ் என்ற வீரர், எதிரணியின் புகழ்பெற்ற டாம் பிரேடி வீசிய பந்தை இடைமறித்துப் பிடித்து, 39 கெஜம் ஓடி எல்லைப் பகுதியை அடைந்தார். ஓடிய வேகத்திலேயே முழங்காலால் சறுக்கிச் சென்று நெற்றியைத் தரையில் வைத்தார். உடனே நடுவரின் மஞ்சள் கொடி விழுந்தது. வரம்பு மீறிய கொண்டாட்டம் என்பது குற்றச்சாட்டு. 15 கெஜம் தண்டனை.

இந்த ஹுஸைன் அப்துல்லாஹ்வைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இவரும் இவருடைய சகோதரர் ஹம்ஸாவும் ஹஜ்ஜுக்குச் செல்வதற்காக 2012-ஆம் ஆண்டின் ஆட்டப் பருவத்தையே துறந்தவர்கள். ஒரு விளையாட்டு வீரனின் தொழில் வாழ்வு எவ்வளவு குறுகியது என்பதை அறிந்தவர்களுக்கே அந்தத் தியாகத்தின் கனம் புரியும்.

அப்படியானால் ஸுஜூதைத் தண்டிக்கும் சட்டம் அங்கே ஏன் வந்தது? இஸ்லாத்தின் மீதுள்ள வெறுப்பால் வந்தது என்று அவசரப்பட்டு முடிவு செய்துவிடக் கூடாது. அதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு.

1965-இல் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியின் ஹோமர் ஜோன்ஸ், டச் டவுன் எடுத்ததும் பந்தைத் தரையில் ஓங்கி அடித்தார். இவ்வழக்கம் அவரிடமிருந்தே தொடங்கியதாகக் கூறுவர். 1973-இல் எல்மோ ரைட் எல்லைப் பகுதியில் கால்களை உயர்த்தி உயர்த்தி ஆடினார். அதன் பின் பில்லி ஜான்ஸன் என்பவர் வெள்ளைக் காலணி அணிந்து ஆடிய ஆட்டம் பிரபலமாயிற்று. இவையெல்லாம் பெரிதும் சிறுபிள்ளைத்தனமான களிப்புகளே. 1980-களில் நிலைமை மாறியது. மார்க் காஸ்டினோ என்ற வீரர் எதிரணியினரை வீழ்த்தும்போதெல்லாம் வீழ்ந்தவரின் அருகில் நின்று ஆடத் தொடங்கினார். 1983-இல் அந்த ஆட்டம் மைதானத்தில் பெரும் கைகலப்பாகவே முடிந்தது. அதற்கடுத்த ஆண்டு, 1984-இல், நேஷனல் ஃபுட்பால் லீக் என்னும் தொழில்முறை அமைப்பு, முன்கூட்டியே திட்டமிட்டு நடத்தப்படும் மிதமிஞ்சிய கொண்டாட்டங்களைத் தடை செய்தது.

தடையால் மட்டும் மனிதனின் நஃப்ஸ் அடங்கிவிடுமா? 2000-ஆம் ஆண்டில் டெரல் ஓவன்ஸ் என்பவர் டாலஸ் நகரில், எதிரணியின் சின்னமாக மைதானத்தின் நடுவே வரையப்பட்டிருந்த நட்சத்திரத்தின் மீது ஓடிச் சென்று நின்றார். ஒரு முறையன்று, இரு முறை. இரண்டாம் முறை எதிரணி வீரர் ஒருவர் அவரை மோதித் தள்ளினார். அவருடைய பயிற்சியாளரே அவரை ஓர் ஆட்டத்திலிருந்து நீக்கி வைத்தார். அதே ஓவன்ஸ் 2002-இல் காலுறைக்குள் ஒளித்து வைத்திருந்த பேனாவை எடுத்து, டச் டவுன் எடுத்த பந்தில் கையெழுத்திட்டார். 2003-இல் ஜோ ஹார்ன் என்பவர் கோல் கம்பத்தின் உறைக்குள் முன்பே மறைத்து வைத்திருந்த கைப்பேசியை எடுத்துப் பேசுவதுபோல் நடித்தார். அவருக்கு 30,000 டாலர் அபராதம். இறுதியில் 2006-இல், பந்தையோ பிற பொருள்களையோ கொண்டு நடிப்பதும், தரையில் விழுந்து கொண்டாடுவதும் தடுக்கப்பட்டன. தரையில் விழக் கூடாது என்ற இந்தச் சட்டமே எட்டாண்டுகள் கழித்து ஹுஸைன் அப்துல்லாஹ்வின் ஸுஜூதின் மீது பாய்ந்தது.

இந்தப் பகட்டுக்குக் கிடைத்த உலகியல் கூலியையும் பாருங்கள். 1993 ஜனவரி 31 அன்று நடந்த இறுதிப் போட்டியில் டாலஸ் அணியின் லியோன் லெட், நழுவிய பந்தை எடுத்துக்கொண்டு நெடுந்தூரம் ஓடினார். முன்னே தடுப்பதற்கு ஒருவருமில்லை. எல்லைக்கோடு சில அடிகளில் இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, பந்தைப் பிடித்த கையை அகல நீட்டிப் பெருமிதத்துடன் சென்றார். பின்னாலிருந்து ஓடி வந்த டான் பீபி அந்தப் பந்தைத் தட்டிவிட்டார். பீபியின் அணி அப்போது மீள முடியாத தோல்வியில் இருந்தது. 52-க்கு 17 என்ற கணக்கில் அந்த ஆட்டம் முடிந்தது. தோற்பது உறுதி என்றறிந்தும் அவர் ஓட்டத்தை நிறுத்தவில்லை. இன்றளவும் அந்த நிகழ்ச்சி பேசப்படும்போது, வென்ற லெட்டைவிடத் தோற்ற பீபியே கண்ணியமாக நினைவுகூரப்படுகிறார். 2001-இல் பில் கிராமாட்டிகா என்ற உதை வீரர், தாம் உதைத்த பந்து கம்பங்களுக்கிடையே சென்ற மகிழ்ச்சியில் துள்ளிக் குதித்தார். தரையிறங்கும்போது முழங்கால் தசைநார் அறுந்துபோனது.

இவர்களுக்கு நேர்மாறாக பாரி ஸாண்டர்ஸ் என்ற வீரரையும் அந்நாட்டு மக்கள் கண்டனர். 10 பருவங்களில் 15,269 கெஜம் ஓடியவர். டச் டவுன் எடுத்ததும் பந்தை நடுவரிடம் அமைதியாகக் கொடுத்துவிட்டுத் திரும்பி நடப்பதே அவர் வழக்கம்.

அருமைச் சகோதரர்களே! அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் அள்பா என்றொரு பெண் ஒட்டகம் இருந்தது. பந்தயத்தில் அதனை எதுவும் முந்தியதில்லை. ஒரு நாள் கிராமவாசி ஒருவர் தம் இளம் ஒட்டகத்தில் வந்து அதனை முந்திவிட்டார். ஸஹாபாக்களுக்கு அது பெரும் வருத்தமாயிற்று. நபியவர்களோ, உலகில் உயர்ந்த எப்பொருளையும் அல்லாஹ் தாழ்த்தியே தீருவான் என்ற கருத்தைக் கூறி அவர்களைத் தேற்றினார்கள். புகாரீயில் இடம்பெறும் இந்நிகழ்ச்சியில் பந்தயம் கண்டிக்கப்படவில்லை. வென்ற கிராமவாசியும் கண்டிக்கப்படவில்லை.

உஹதுப் போர்க்களத்தில் அபூதுஜானா (ரலி) அவர்கள் தலையில் சிவப்புத் துணி கட்டி, அணிகளுக்கிடையே மிடுக்காக நடந்தபோது, இது அல்லாஹ் வெறுக்கும் நடை, இத்தகைய இடத்தைத் தவிர என்று நபியவர்கள் கூறியதாக வரலாற்று நூல்கள் பதிவு செய்கின்றன. போர்முனையில் எதிரியின் நெஞ்சில் அச்சமூட்டுவதற்கு அளிக்கப்பட்ட அந்த விதிவிலக்கை, விளையாட்டுத் திடலுக்கு இழுத்து வந்துவிட முடியாது. அதே நபியவர்கள் மக்காவை வென்று உள்ளே நுழைந்தபோது, தாடி சேணத்தைத் தொடுமளவுக்குத் தலையைத் தாழ்த்தியிருந்தார்கள்.

இனி ஸுஜூதுக்கு வருவோம். மகிழ்ச்சியான செய்தி வந்தால் நபியவர்கள் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தி ஸுஜூதில் விழுவார்கள் என்று அபூபக்ரா (ரலி) அறிவிப்பது அபூதாவூதிலும் திர்மிதீயிலும் உள்ளது. தபூக்கிற்குச் செல்லாமல் பின்தங்கி, ஐம்பது இரவுகள் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த கஅப் பின் மாலிக் (ரலி) அவர்கள், தம் தவ்பா ஏற்கப்பட்ட நற்செய்தியை ஸல்உ மலைமேலிருந்து ஒருவர் உரக்கக் கூவியதைக் கேட்ட மாத்திரத்தில் ஸுஜூதில் விழுந்தார்கள்.

நம் ஷாஃபிஈ மத்ஹபில் இது ஸுன்னத்து. ஹனஃபீ மத்ஹபில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் இதனை ஒரு தனி வணக்கமாகக் கருதவில்லை என்று அறிவிக்கப்பட்டாலும், இமாம் முஹம்மத் (ரஹ்) உள்ளிட்டோர் கூறியபடி விரும்பத்தக்கது என்றே ஃபத்வா வழங்கப்படுகிறது. மாலிகீ மத்ஹபில் இது மக்ரூஹ். ஷாஃபிஈ ஃபிக்ஹில் இதற்கு உளூ, கிப்லா, அவ்ரத்தை மறைத்தல் ஆகிய நிபந்தனைகளும் உண்டு. இப்னு தைமிய்யா போன்றோர் உளூவை நிபந்தனையாக்கவில்லை.

இங்கே மிக நுட்பமான ஒரு சட்டம் இருக்கிறது. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில், சோதனைக்குள்ளானவரைக் கண்டு செய்யும் நன்றி ஸுஜூதை அவருக்கு முன் வெளிப்படுத்தக் கூடாது என்று எழுதுகிறார்கள். காரணம், அவர் மனம் நோகும்! அல்லாஹ்வுக்குச் செய்யும் ஸுஜூதிலேயே இன்னொரு மனிதனின் மனவேதனை கணக்கில் எடுக்கப்படுகிறது என்றால், வீழ்ந்தவனின் தலைமாட்டில் நின்று ஆடுவதைப் பற்றி என்ன சொல்வது? வியப்பு என்னவெனில், அமெரிக்க லீக்கும் பட்டறிவால் இதே எல்லையை வந்தடைந்தது. 2017-இல் அது கொண்டாட்டச் சட்டங்களைத் தளர்த்தி, தரையில் விழுவதையும், கூட்டாகக் கொண்டாடுவதையும், பந்தை வைத்து விளையாடுவதையும் அனுமதித்தது. எதிரணியினரை இழிவுபடுத்துவதை மட்டும் அனுமதிக்கவே இல்லை. 2021-இல் அதனை மேலும் கடுமையாகக் கண்காணிக்கும்படி நடுவர்களைப் பணித்தது.

ஹுஸைன் அப்துல்லாஹ் விஷயத்திலும் லீக் மறுநாளே விளக்கம் அளித்தது. சமய வெளிப்பாடாகத் தரையில் விழுபவர்மீது கொடி வீசக் கூடாது என்பதே நடுவர்களுக்கான வழிமுறை, எனவே அத்தண்டனை தவறு என்று ஒப்புக்கொண்டது. ஆனால் அவரோ யார்மீதும் குறைகூறவில்லை. தாம் சறுக்கிச் சென்றதே தண்டனைக்குக் காரணமாக இருக்கலாம், அடுத்த முறை நின்று பின்னர் ஸுஜூது செய்ய வேண்டும் என்ற கருத்தையே கூறினார். ஸுஜூதில் பணிந்தவரின் பேச்சும் பணிவாக இருந்தது எனக்கு மிகவும் பிடித்தது.

கோடிக்கணக்கானோர் பார்க்கும் ஸுஜூதில் முகஸ்துதி கலந்துவிடாதா என்ற ஐயம் நியாயமானதே. அது அவரவர் உள்ளத்துக்கும் அல்லாஹ்வுக்கும் இடைப்பட்டது. நாம் தீர்ப்புக் கூறலாகாது. எகிப்தின் முஹம்மத் ஸலாஹ் 2017-இல் இங்கிலாந்தின் லிவர்பூல் அணியில் சேர்ந்து, கோல் அடிக்கும்போதெல்லாம் ஸுஜூது செய்தார். அவர் வந்த பின் அப்பகுதியில் வெறுப்புக் குற்றங்கள் 16 சதவீதம் குறைந்ததாக 2021-இல் ஓர் அமெரிக்க அரசியல் அறிவியல் ஆய்விதழில் வெளியான ஆய்வு கூறுகிறது. மற்றவர்களுடைய இதயம் அதனால் மென்மையடைந்தது நல்ல செய்தியே. ஆயினும் அந்த நோக்கத்திற்காக ஒருவர் ஸுஜூது செய்தால் அது ஷுக்ருடைய ஸுஜூதாகாது.

ஊர்த் திடலில் கோல் போடும் நம் பிள்ளைகள் ஸுஜூது செய்யலாமா என்று பெற்றோர் பலர் வினவுகின்றனர். எதிர்பாராது வந்தடையும் நிஃமத்துக்கே ஷாஃபிஈ நூல்கள் இந்த ஸுஜூதைக் கூறுகின்றன. மாலைப் பொழுது ஆட்டத்தில் விழும் ஒவ்வொரு கோலும் அத்தகையதா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. பெரும்பாலும் ஓர் ‘அல்ஹம்துலில்லாஹ்’ போதும். மெய்யாகவே பெரியதொரு வெற்றி கிட்டினால், தோற்ற அணியினரின் கண்முன் செய்யாமல், தன் பக்கம் ஒதுங்கி, கிப்லாவை நோக்கிச் செய்யட்டும். நேரம் நீண்டுவிட்டால் அந்த ஸுஜூது தவறிப்போகும். ஆகவே உளூ முன்பே இருக்க வேண்டும். நம் பிள்ளைகள் பெரும்பாலும் அஸருக்குப் பின்னரே திடலுக்குச் செல்கின்றனர். அஸரை ஜமாஅத்துடன் தொழுதுவிட்டு, முழங்கால் மறையும் கால்சட்டையுடன் அவர்களை அனுப்பி வையுங்கள்.