மணியும் திசைகாட்டியும்

1988 டிசம்பரில் தென்னிலங்கைக் கிராமம் ஒன்றில் வாக்களிக்கப் போவதென்றால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். ஜனாதிபதித் தேர்தலைப் பகிஷ்கரிக்கும்படி மக்கள் விடுதலை முன்னணி, ஊர் வாயில் ஜே.வி.பி., கட்டளையிட்டிருந்தது. மீறிப் போகிறவருக்கு என்ன நடக்கும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை. 1982 ஜனாதிபதித் தேர்தலில் 81 வீதமாக இருந்த வாக்களிப்பு அந்த முறை 55 வீதத்துக்கு இறங்கியது. வடக்கின் போர்ச்சூழலுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் தெற்கில் மக்களை வீட்டுக்குள் இருத்தியது இந்தக் கட்சியின் மிரட்டல்தான்.

2024 செப்டம்பரில் அதே கட்சியின் தலைவர் அநுர குமார திசாநாயக்க வாக்குச்சீட்டின் வழியாக ஜனாதிபதியானார். நவம்பர் பொதுத் தேர்தலில் அவருடைய தேசிய மக்கள் சக்திக் கூட்டணி 225 ஆசனங்களில் 159ஐ அள்ளியது. யாழ்ப்பாண மாவட்டத்தில் மட்டும் மூன்று.

ஆயுதம் தூக்கியவர்கள் திருந்தி வந்தார்கள், நாடு ஆட்சியைக் கையில் கொடுத்தது என்று இந்தக் கதையைச் சொல்லிவிடலாம். பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். தேர்தல் முடிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் கதை அவ்வளவு நேராக ஓடவில்லை. இந்தக் கட்சி தீவிரத்தின் பக்கம் சாய்ந்து வாக்கைக் குவித்த காலமும் உண்டு. மிதவாதம் பேசி மூன்று வீதத்தில் கிடந்த காலமும் உண்டு.

மொஸ்கோவில் லுமும்பா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கப் போய், பட்டம் பெறாமல் திரும்பிய றோகண விஜேவீர 1965 மே மாதத்தில் தொடங்கிய இயக்கம் இது. கிராமத்துச் சிங்கள இளைஞர்களுக்கு அவர் ஐந்து வகுப்புகள் எடுத்தார். அவற்றில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம். தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த மலையகத் தமிழர் அந்த வகுப்பில் இந்தியாவின் கையாட்களாகக் காட்டப்பட்டார்கள். நாட்டின் அந்நியச் செலாவணியைத் தங்கள் முதுகில் சுமந்த, அதற்கு மேல் வாக்குரிமையும் பறிக்கப்பட்டிருந்த தொழிலாளர்களைப் பற்றி ஓர் இடதுசாரிக் கட்சி நடத்திய பாடம் இது.

1971 ஏப்ரலில் பொலிஸ் நிலையங்களைத் தாக்கிக் கிளர்ச்சி வெடித்தபோது விஜேவீர யாழ்ப்பாணச் சிறையில் இருந்தார். ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். 1977இல் ஜே.ஆர். ஜயவர்த்தன அவரை விடுதலை செய்ததும் கட்சி தேர்தல் பாதைக்கு வந்தது. 1982இல் விஜேவீர ஜனாதிபதித் தேர்தலில் நின்று 4.19 வீதத்துடன் மூன்றாம் இடம் பெற்றார். அடுத்த ஆண்டு கறுப்பு ஜூலை. தமிழர் மீதான வன்முறைக்கு இவர்களும் காரணம் என்று சொல்லி ஜே.ஆர். அரசாங்கம் கட்சியைத் தடை செய்தது. தன் ஆட்களை மறைக்க அரசாங்கம் தேடிக்கொண்ட சாட்டு அது. வாக்குப் பெட்டியின் பக்கம் வந்துகொண்டிருந்த ஒரு கட்சியை மறுபடி தலைமறைவுக்குத் தள்ளிய பொறுப்பு ஜே.ஆருக்கும் உண்டு.

ஆனால் அதற்குப் பிறகு நடந்தவை கட்சி தானாகத் தேர்ந்துகொண்டவை. 1987 ஜூலையில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தானது. மாகாணசபைகள் வரப்போகின்றன என்றானது. நாட்டைத் துண்டாடும் சதி என்று ஜே.வி.பி. எழுந்தது. அதன் ஆயுதப் பிரிவு மாகாணசபைத் தேர்தலில் நின்றவர்களையும் அதை ஆதரித்த இடதுசாரிகளையும் சுட்டது. நடிகரும் அரசியல்வாதியுமான விஜய குமாரதுங்க 1988 பெப்ரவரியில் தன் வீட்டு வாசலில் விழுந்தார். கடையைப் பூட்டு என்றால் பூட்ட வேண்டும். இந்தியப் பொருள் விற்காதே என்றால் விற்கக் கூடாது. அவர்கள் கொன்றவரின் சவப்பெட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கக் கூடாது என்றுகூட ஊருக்கு உத்தரவு வந்தது. அரசாங்கத்தின் பதிலடி இதைவிடக் கொடூரமாக இருந்தது. வீதியோரத்தில் டயரோடு எரிந்த உடல்களை அந்தத் தலைமுறைச் சிங்களவர் இன்னும் மறக்கவில்லை.

1989 நவம்பரில் விஜேவீர பிடிபட்டார். மலையகத்தில் உலப்பனையில், அத்தநாயக்க என்ற பெயரில், தோட்டத்துரையாக, பங்களா ஒன்றில் குடியிருந்தார். தோட்டத் தொழிலாளரை ஐந்தாம் படை என்று வகுப்பெடுத்தவர் ஒளிவதற்குத் தேர்ந்தது தேயிலைத் தோட்டத்தை. மறுநாள் அவர் உயிரோடு இல்லை. அரசியல்பீடத்தில் தப்பியவர் சோமவன்ச அமரசிங்க ஒருவர்தான். அவரும் வெளிநாட்டுக்குப் போய்விட்டார்.

துப்பாக்கித் தீவிரத்துக்கு வாக்காளர் கொடுத்த விலை 1994இல் தெரிந்தது. வேறொரு கட்சிப் பெயரில் போட்டியிட்டவர்களுக்கு அம்பாந்தோட்டையில் ஒரே ஓர் ஆசனம்.

அதற்கு அடுத்த பத்தாண்டைப் பற்றித்தான் தெற்கில் அதிகம் பேசப்படுவதில்லை. வடக்கில் மறக்கப்படுவதில்லை. கட்சி துப்பாக்கியைக் கீழே வைத்தது, ஒலிவாங்கியைக் கையில் எடுத்தது. அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் செய்துகொண்ட 2002 போர்நிறுத்தத்தையும் நோர்வேயின் மத்தியஸ்தத்தையும் இவர்களை விட உரத்த குரலில் எதிர்த்தவர்கள் குறைவு. கட்சியின் விமல் வீரவன்ச பேசினால் திடல் நிறைந்தது. 2000இல் 10 ஆசனம், 2001இல் 16, 2004இல் ஜனாதிபதி சந்திரிகாவின் கட்சியோடு கூட்டுச் சேர்ந்து 39. விருப்பு வாக்குகளில் அந்தப் பெரிய கட்சியின் பழம் பெருச்சாளிகளை இவர்கள் பின்னுக்குத் தள்ளினார்கள். சுனாமி நிவாரணத்தைப் புலிகளோடு சேர்ந்து பங்கிடும் பொதுக்கட்டமைப்பை எதிர்த்து 2005இல் அரசாங்கத்திலிருந்து வெளியேறினார்கள். இணைந்திருந்த வடக்கும் கிழக்கும் 2006இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பால் பிரிந்ததும் இவர்களுடைய ஆட்கள் போட்ட வழக்கில்தான்.

ஆக, தீவிரம் வாக்கைக் குறைக்கும் என்ற பொது நம்பிக்கையை 2004 பொய்யாக்குகிறது. இனவாதத் தீவிரம் வாக்கைப் பெருக்கியது. ஆனால் பெருகிய வாக்கு யாரிடம் தங்கியது? 2005இல் இவர்கள் மேடை மேடையாக ஏறி ஜனாதிபதியாக்கிய மகிந்த ராஜபக்ச அதே பேச்சைத் தானே பேசத் தொடங்கினார். போரையும் தானே நடத்தினார். வாடகைக்கு எடுத்து நடத்திய கடையை உரிமையாளரே வந்து நடத்த ஆரம்பித்தால் வாடிக்கையாளர் யார் பக்கம் போவார்? வீரவன்ச 2008இல் பத்துப் பேர் அளவில் கூட்டிக்கொண்டு பிரிந்து, மகிந்தவின் பக்கம் போய்ச் சேர்ந்தார். 2010இல் ஜே.வி.பி.க்கு மிஞ்சியது 4 ஆசனம். இனவெறியை மூலதனமாகப் போடும் சிறிய கட்சிகளுக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. அந்த வியாபாரத்தில் முடிவில் ஜெயிப்பவன் பெரிய முதலாளி.

2014இல் அநுர தலைவரானார். எண்பதுகளின் கொலைகளுக்கு அந்த ஆண்டே வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். பேச்சு இனத்திலிருந்து ஊழலுக்கும் வீண்செலவுக்கும் நகர்ந்தது. அதற்குக் கிடைத்த பரிசு? 2015இல் 6 ஆசனம். 2019 ஜனாதிபதித் தேர்தலில் 3.16 வீதம். 2020இல் 3 ஆசனம். 'மூன்று வீதக் கட்சி' என்று எதிரிகள் கேலி பண்ணினார்கள். நல்ல பிள்ளையாகிவிட்டோம் என்பதற்காக யாரும் வாக்குப் போடவில்லை.

வாக்கைக் கொண்டுவந்தது 2022. எரிபொருள் வரிசை, பால்மா வரிசை, மின்வெட்டு. ஜூலையில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச நாட்டை விட்டு ஓடியது. மாறி மாறி ஆண்ட இரண்டு பெரிய கட்சி மரபுகளும் சேர்ந்து சரிந்த இடத்தில், கை கறைபடாதவர் என்று காட்ட அருகில் நின்ற ஆள் அநுர. மிதவாதத்தின் பயன் இந்த இடத்தில்தான் தெரிகிறது. பழைய ஜே.வி.பி.யாக நின்றிருந்தால் அந்தக் கோபம் இவர்களிடம் வந்திருக்காது. ஜே.வி.பி.யின் மணிச் சின்னம் பின்னுக்குப் போய், தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டி வந்தது. இருபதுக்கு மேற்பட்ட அமைப்புகளோடு பேராசிரியர்களும் தொழிற்சங்கத்தவரும் பெண்களும் முன்வரிசைக்கு வந்தார்கள். 88-89ஐ நினைவூட்டி எதிரிகள் பயமுறுத்திப் பார்த்தார்கள். 2024இல் முப்பது வயதான வாக்காளர் 1994இல் பிறந்தவர். அவருடைய பயம் டொலர் விலை.

வடக்கு தனிக் கணக்கு. செப்டம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் அநுரவுக்கு விழுந்தது 27 ஆயிரம் சொச்சம். எட்டு வாரத்தில், நவம்பரில், திசைகாட்டிக்கு 80 ஆயிரத்துக்கு மேல். எட்டு வாரத்தில் ஒரு கட்சி திருந்த முடியாது. 2006 வழக்கை யாரும் மன்னித்துவிடவும் இல்லை. தமிழ்க் கட்சிகள் துண்டு துண்டாக உடைந்து ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துச் சலித்தவர்களின் வாக்கு அது. கொழும்பில் ஆளப்போகிறவனோடு நிற்போம் என்ற நடைமுறை யோசனையும் அதில் கலந்திருந்தது. மட்டக்களப்பு மட்டும் தமிழரசுக் கட்சியோடு நின்றது. மலையகத்தில், வகுப்பில் துரோகிகளாக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் நுவரெலியாவில், திசைகாட்டிதான் முதலாவது.

இந்திய விஸ்தரிப்புவாத வகுப்பு என்னவானது? ஜனாதிபதியாக அநுர போன முதல் வெளிநாட்டுப் பயணம் புதுடில்லிக்கு. 2025 ஏப்ரலில் மோடி கொழும்புக்கு வந்தபோது பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்படிக்கை கைச்சாத்தானது. 1987இல் இப்படி ஒரு காகிதத்துக்காக எத்தனை பஸ் எரிந்தது என்பதை அந்தக் காலத்துத் தோழர்கள் நினைத்துப் பார்த்திருப்பார்கள். பொதுச் செயலாளர் ரில்வின் சில்வா தொண்ணூறுகளின் நடுவிலிருந்து அதே கதிரையில் இருக்கிறார். மேடையில் தெரிவது திசைகாட்டி. கட்சியின் உள்வீட்டில் இன்னும் மணிதான் அடிக்கிறது.

பொதுத் தேர்தலில் 61 வீதமாக இருந்த திசைகாட்டியின் வாக்கு 2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் 43 ஆக இறங்கியது. வடக்கில் தமிழரசுக் கட்சி மீண்டும் தலைதூக்கியது. மாகாணசபைத் தேர்தல் வடக்கில் கடைசியாக நடந்தது 2013இல். மாகாணசபைத் தேர்தலையே நடத்த விடாமல் 1988இல் ஆட்களைக் கொன்ற கட்சியிடம் இப்போது மூன்றில் இரண்டு பெரும்பான்மை இருக்கிறது. திகதி குறிப்பதற்கான வழியை நினைத்தால் திறக்கலாம். ஆட்சிக்கு வந்த முதல் ஆண்டில் குறிக்கவில்லை.