சுழித்தொடரும் அதிரும் உருளையின் இழுவையும்

ஓடும் நீரிடையே நட்ட கம்பத்தின் பின்புறத்தை உற்று நோக்குவார், சுழிகள் இடமும் வலமும் மாறிமாறிப் பிரிந்து செல்வதைக் காண்பர். ‘சுழி’ என்னும் சொல் இப்பொருளுக்கு நம் மொழியில் முன்னரே அமைந்துள்ளது. புதுச்சொல் ஆக்க வேண்டுவதில்லை. ஓட்டத்தின் திசையில் பொருளைத் தள்ளும் விசையை ‘இழுவை’ என்போம். இவ்விரண்டற்கும் உள்ள உறவே ஈண்டு ஆராயப்படுவது.

காற்றில் கம்பி எழுப்பும் ஒலியைச் செக் அறிஞர் ஸ்ட்ரௌஹல் 1878-இல் ஆராய்ந்தார். அவ்வொலியின் அதிர்வெண் கம்பியின் நீளத்தையோ இறுக்கத்தையோ சார்ந்ததன்று. காற்றின் விரைவையும் கம்பியின் விட்டத்தையுமே சார்ந்தது எனக் கண்டார். விரைவை விட்டத்தால் வகுத்து 0.2-ஆல் பெருக்கின் அதிர்வெண் ஏறத்தாழக் கிடைக்கும். 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பியின்மீது நொடிக்கு 10 மீட்டர் விரைவில் காற்று வீசின், அதிர்வெண் 1000 ஆகும். கம்பி காற்றின் திசையில் ஆடாது அதற்குக் குறுக்காகவே ஆடுகின்றது என அடுத்த ஆண்டே ரேலி பிரபு காட்டினார்.

1911-ஐ ஒட்டிக் கோட்டிங்கனில் பிராண்டிலின் மாணவர் கீமென்ஸ் நீர்த்தொட்டியில் உருளையை வைத்து ஆய்ந்தபொழுது, ஓட்டம் அமைதியுறாது அலைந்துகொண்டே இருந்தது. உருளை செவ்வட்டமன்று போலும் எனக் கருதி அதனைச் செப்பஞ் செய்தும் அலைவு நிற்கவில்லை. குறை உருளையில் இல்லை. மாறிமாறி அமைந்த சுழிவரிசையே நிலைக்கவல்லது என்று கணிதத்தால் நிறுவியவர் கார்மன்.

அசையாத உருளையின் இழுவைக் கெழு, பரந்த விரைவெல்லைக்குள் 1.2 அளவில் நிற்கும். உருளை அதிரத் தொடங்கின் நிலைமை வேறு. சுழிகள் பிரியும் எண் உருளையின் இயல்பதிர்வெண்ணை அணுகும்போது, அவை உருளையின் ஆட்டத்துக்கே கட்டுப்பட்டுப் பிரிகின்றன. விரைவு சற்று மாறினும் இவ்விணக்கம் விடுவதில்லை. அப்பொழுது உருளையின் நீளமெங்கும் சுழிகள் ஒருசேரப் பிரிகின்றன, உருளைக்கு மிக அணித்தாகத் திரண்டு வலுப்பெறுகின்றன, பின்னோட்டமும் அகல்கின்றது. பின்புற அழுத்தம் மேலும் தாழ, முன்பின் அழுத்த வேறுபாடு மிகுகின்றது. அவ்வேறுபாடே இழுவையின் பெரும்பகுதி. குறுக்காட்டம் விட்டத்தின் அளவை எட்டின், இழுவை இருமடங்குக்கு மேற்படுதலும் உண்டு. ஆட்டமோ குறுக்கே, மிகுவதோ ஓட்டத்தின் திசையில் அமைந்த விசை! கற்பார் மயங்கும் இடம் இதுவே.

ஆகவே இழுவைக் கெழுவை வடிவத்துக்கே உரிய மாறா எண்ணாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஆழ்கடலில் நிற்கும் எண்ணெய்க் குழாயை 1.2 கொண்டு கணிப்பவர் அதன் வளைவைக் குறைத்தே மதிப்பிடுவர். உயர்ந்த புகைபோக்கிகளின் மேற்பகுதியில் திருகாகச் சுற்றிய விளிம்புகள் சுழிகளை ஒருசேரப் பிரியவிடாது ஆட்டத்தை அடக்குகின்றன. எனினும் அவ்விளிம்பு அசையா உருளையின் இழுவையைத் தானே உயர்த்திவிடும். ஆட்டத்தால் விளையும் மிகுதி அதனினும் பெரிதாமிடத்தே இழுவையளவில் அதனால் ஊதியம் உண்டு.